ஹோமில் சேர்க்கும் முன்னும் சேர்த்த பின்னும்: முதியோர் பராமரிப்புத் தரம் பற்றிப் பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டுப் பெரியவரை ஹோமில் சேர்க்கலாமா என்ற யோசனை வந்ததும் பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள நம் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள் இவை. வார்டில் மிஸியாக, அதாவது தாதியாக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் இன்னும் கோயில் வாசலிலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் வசதி. சட்டம் பற்றிய பகுதி பினாங்குக்கு வெளியேயும் பொருந்தும். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு அலுவலகங்கள்தான் வேறு.

ஹோமுக்கு லைசென்ஸ் கொடுப்பது யார்?

பெரும்பாலான ஹோம்கள் சமூகநல இலாகாவின் கீழ் வருகின்றன. நாம் ஜேகேஎம் என்று சொல்வது அதைத்தான். நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் எந்த இடமும் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டம், அதாவது சட்டம் 506. காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதே விதிதான். "நாங்கள் தர்மத்துக்கு நடத்துகிறோம், எங்களுக்கு எதற்கு லைசென்ஸ்" என்பவர்களும் இதில் அடக்கம். காலையில் விட்டு மாலையில் கூட்டி வரும் பகல் மையங்களுக்கும் பதிவு உண்டு: நான்கு பேருக்குக் குறையாமல், நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் குறைந்தது மூன்று நாள் பார்த்துக்கொண்டால் அது சட்டத்துக்குள் வந்துவிடும்.

ஜேகேஎம் அனுமதி கொடுப்பதற்கு முன் பொம்பா என்னும் தீயணைப்பு இலாகா, மாநகர் மன்றம், சுகாதார இலாகா மூன்றும் சரி சொல்ல வேண்டும். தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில் இருக்கும் தரை வீட்டை ஹோமாக மாற்றுபவர்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான்.

தாதியர் கவனிப்பு தேவைப்படும் நோயாளிகளை வைத்துக்கொள்ளும் நர்சிங் ஹோம் வேறு சங்கதி. அதற்கு லைசென்ஸ் கொடுப்பது சுகாதார அமைச்சு. 1998-ஆம் ஆண்டின் சட்டம் 586 அதற்குரியது. பெயர்ப்பலகையில் நர்சிங் என்று எழுதியிருப்பதால் மட்டும் உள்ளே மிஸி இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். "உங்கள் லைசென்ஸ் ஜேகேஎம்மா, சுகாதார அமைச்சா?" என்று நேராகக் கேளுங்கள். மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், ஆழமான புண் என்று இருக்கும் ஒருவரைச் சேர்க்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒரு பதிலே பாதி முடிவைச் சொல்லிவிடும்.

சுவரில் சான்றிதழ் மாட்டியிருக்கிறார்கள். அது போதுமா?

கிட்டே போய்ப் படியுங்கள். அதில் உள்ள முகவரியும் நீங்கள் நிற்கும் வீட்டு எண்ணும் ஒன்றுதானா? ஒரே வரிசையில் மூன்று வீடு எடுத்து, ஒன்றுக்கு மட்டும் பதிவு வைத்திருப்பவர்கள் உண்டு. எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேட்டுவிட்டுக் கட்டில்களை எண்ணுங்கள். சந்தேகம் இருந்தால் அந்த வட்டாரத்து ஜேகேஎம் அலுவலகத்துக்கு ஒரு போன் போதும். தீவில் வடகிழக்கு, தென்மேற்கு என்று இரண்டு மாவட்டம்; கடலுக்கு அந்தப் பக்கம் வட, மத்திய, தென் செபராங் பிறை என்று மூன்று.

லைசென்ஸ் இருந்தால் நிம்மதியாக விட்டுவிட்டு வரலாமா?

லைசென்ஸ் கட்டடத்தைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும் நிறையச் சொல்லும். இரவு இரண்டு மணிக்கு உங்கள் அம்மா தண்ணீர் கேட்டால் யார் எழுந்து வருவார் என்பதைச் சொல்லாது. என்னைக் கேட்டால் தரம் என்பது அந்த இரண்டாவது விஷயம்தான். கீழே வரும் பதில்களில் பாதி அதைச் சுற்றித்தான் இருக்கும்.

முதல் தடவை போய்ப் பார்க்கும்போது என்ன பார்ப்பது?

வரவேற்பறையைப் பார்க்காதீர்கள். அங்கே எப்போதும் பூச்செடி இருக்கும், மீன் தொட்டி இருக்கும், சோபா புதிதாக இருக்கும்.

கடைசிக் கட்டிலுக்குப் போங்கள். படுத்த படுக்கையாக, வாய் திறந்து எதுவும் கேட்க முடியாதவர் படுத்திருக்கும் கட்டில் அதுவாகத்தான் இருக்கும். அவருடைய உதடு காய்ந்திருக்கிறதா? தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, அல்லது மேசையின் அந்தக் கோடியில் இருக்கிறதா? அழைப்பு மணி இருந்தால், அதன் கயிறு எங்கே இருக்கிறது? அடிக்கடி அழுத்துகிறார் என்று கயிற்றைச் சுருட்டி மேலே ஆணியில் மாட்டி வைக்கும் இடங்கள் இருக்கின்றன. நகத்தைப் பாருங்கள். பல் செட் வாயில் இருக்கிறதா, டிராயருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருடைய பல் செட்டை நினைவாகக் கழுவி மாட்டிவிடும் இடத்தில் மற்றதும் ஓரளவு சரியாகத்தான் நடக்கும்.

வாடை பற்றி எல்லாரும் கேட்பார்கள். காலையில் பெம்பர்ஸ் மாற்றும் நேரத்தில் மூத்திர வாடை அடித்தால் அது இயல்பு. மதியம் மூன்று மணிக்கும் அடித்தால் யோசியுங்கள். டெட்டால் வாடை மட்டும் தூக்கலாக இருந்தாலும் யோசியுங்கள்.

அடுத்து குளியலறை. கைப்பிடி கம்பி சுவரில் ஆடாமல் நிற்கிறதா என்று நீங்களே பிடித்து இழுத்துப் பாருங்கள். தரை வழுக்குகிறதா, சக்கர நாற்காலி உள்ளே நுழையுமா, கதவு மூடுமா. கதவு இல்லாத குளியலறையில், வரிசையாக உட்காரவைத்துக் குழாயில் தண்ணீர் அடித்துக் குளிப்பாட்டுகிறார்கள் என்று தெரிந்தால் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை, கிளம்பி வந்துவிடுங்கள்.

இரண்டாவது தடவை சொல்லாமல் போங்கள். இரவுச் சாப்பாட்டு நேரம் நல்ல நேரம். அங்கே எத்தனை மணிக்கு இரவுச் சாப்பாடு என்பதே ஒரு தகவல்: மாலை ஐந்துக்கே கொடுத்துவிட்டு, மறுநாள் காலை எட்டுக்குத்தான் அடுத்தது என்றால், சர்க்கரை நோயாளிக்கு அந்த இடைவெளி ஆபத்து.

எத்தனை பேருக்கு ஒரு ஊழியர் இருக்க வேண்டும்?

"பத்து ஊழியர்கள் இருக்கிறார்கள்" என்ற பதிலை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். சமையல்காரர், தோட்டக்காரர், லீவில் ஊருக்குப் போனவர் எல்லாரும் அந்தப் பத்தில் இருப்பார்கள். இப்படிக் கேளுங்கள்: "நேற்று இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை யார் யார் வேலையில் இருந்தார்கள்? விழித்திருந்தார்களா, படுத்திருந்தார்களா? அவர்கள் பொறுப்பில் எத்தனை பேர்?" முப்பது பேருக்கு இரவில் ஒரே ஒருவர் என்றால், ஒருவரைக் கழிவறைக்குத் தூக்கிக்கொண்டு போகும் நேரத்தில் மற்ற இருபத்தொன்பது பேருக்கும் யாரும் இல்லை.

மிஸி என்று ஒருவரைக் காட்டினால், மலேசியத் தாதியர் வாரியத்தின் வருடாந்திரப் பணிச் சான்றிதழ் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்கலாம். உண்மையான மிஸி இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். பராமரிப்பாளர்கள் பெரும்பாலும் இந்தோனேசியா, மியன்மார், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. என் கண்ணால் பார்த்ததில் மிகப் பொறுமையானவர்கள் அவர்களில் உண்டு. பெர்மிட் இருக்கிறதா, யார் பயிற்சி கொடுத்தது, எத்தனை மாதமாக இருக்கிறார்கள் என்பதைக் கேளுங்கள். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் உங்கள் அப்பாவுக்கு எந்தப் பக்கம் வலி என்று யாருக்கும் தெரியாது.

ஜன்னல் எல்லாம் கிரில் போட்டிருக்கிறார்களே, அது பாதுகாப்புதானே?

திருடனுக்கு எதிராக, ஆமாம். நெருப்புக்கு எதிராக, இல்லை. 2017 செப்டம்பர் 14 விடியற்காலையில் கோலாலம்பூர் டத்தோ கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்து, மாணவர்களும் ஆசிரியர்களுமாக 23 பேர் இறந்தார்கள். கிரில் போட்ட ஜன்னல்கள் வழியே அவர்களால் வெளியே வர முடியவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஓடக்கூடிய பிள்ளைகள். நடக்கவே முடியாத முதியவர்கள் இருக்கும் வீட்டில் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டியவை: பூட்டின் சாவி இரவில் யாரிடம், அது எங்கே தொங்குகிறது, பின்பக்கம் வழி உண்டா, அந்த வழியில் பழைய கட்டிலும் அரிசி மூட்டையும் அடுக்கி வைத்திருக்கிறார்களா. படுக்கையாக இருப்பவர்களை மாடியில் வைத்திருந்தால் "நெருப்பு வந்தால் எப்படி இறக்குவீர்கள்?" என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் அதுதான் பதில்.

படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா? வயதானால் வரத்தானே செய்யும்?

வரத்தான் செய்யும் என்று ஹோம்காரர் சொன்னால் நம்பாதீர்கள். உடம்பு மிகவும் தளர்ந்த கடைசி நாட்களில் என்ன செய்தாலும் சிலருக்கு வரும், அது உண்மை. ஆனால் பெரும்பாலான புண்கள் ஒரே பக்கமாகப் படுக்கப் போட்டதால் வருபவை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கி இரத்தம் போகாமல் நின்றுவிடுகிறது. ஈரப் பெம்பர்ஸ், சத்துக் குறைவு, சர்க்கரை எல்லாம் சேர்ந்தால் சீக்கிரம் வரும். புட்டத்துக்கு மேலே உள்ள எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால், இந்த மூன்று இடமும் முக்கியம். குதிகாலை யாரும் பார்ப்பதில்லை, போர்வைக்குள் இருக்கும்.

புத்தகத்தில் முதல் அறிகுறி சிவப்பு என்று இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுக்காத சிவப்பு. நம் நிறத்துக்கு அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. கறுத்த தோலில் அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிடக் கொஞ்சம் கருநீலமாகவோ பளபளப்பாகவோ இருக்கும். அதனால் கையால்தான் பார்க்க வேண்டும். உங்கள் புறங்கையை அந்த இடத்தில் வையுங்கள், பிறகு பக்கத்தில் வையுங்கள். சூடாக இருக்கிறதா, கெட்டியாக இருக்கிறதா, அல்லது களிபோலக் கொழகொழவென்று இருக்கிறதா, தொட்டால் முகம் சுளிக்கிறார்களா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் தோல் இன்னும் கிழியாவிட்டாலும் புண் ஆரம்பித்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்திவிட்டுக் கிளினிக்கில் காட்ட வேண்டும். தேய்த்துவிடக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் பாசத்தோடு செய்யும் கெடுதல்.

படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைப்பதுதான் வழக்கமான முறை. காற்று மெத்தை இருந்தால் இடைவெளி கொஞ்சம் கூடலாம். திருப்பவே வேண்டாம் என்றாகிவிடாது. நல்ல இடத்தில் கட்டில் தலைமாட்டில் ஒரு தாள் இருக்கும்: எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், யார் திருப்பினார். அதை எடுத்துப் பாருங்கள். நீங்கள் பகல் பன்னிரண்டுக்குப் பார்க்கும்போதே இரண்டு மணி, நான்கு மணி, ஆறு மணிக் கட்டங்களிலும் டிக் போட்டிருந்தால், ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம் என்றால், அந்தத் தாளில் உள்ள எதையும் நம்ப வேண்டாம். மாறாக ஒரு கட்டம் காலியாக இருந்து, பக்கத்தில் "குளிக்கப் போயிருந்தார்" என்று கோணல் எழுத்தில் இருந்தால் எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வரும்.

அப்பாவை நாற்காலியோடு துணியால் கட்டியிருந்தார்கள். விழாமல் இருக்கத்தான் என்கிறார்கள். சரியா?

பெரும்பாலும் சரியில்லை. கட்டிப் போட்டால் விழுவது குறையும் என்பதே சந்தேகம்தான். திமிறிக்கொண்டு எழுந்து நாற்காலியோடு சாய்ந்தவர்களும், கட்டு கழுத்துக்கு ஏறியவர்களும் உண்டு. உட்கார்ந்தே இருந்தால் கால் சதை கரைந்து, அடுத்த மாதம் நிஜமாகவே நடக்க முடியாமல் போகும்.

அவர் ஏன் எழுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். சிறுநீர் முட்டுகிறதா, வலிக்கிறதா, பசிக்கிறதா, அந்தி நேரத்தில் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறாரா? ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குக் கிளம்பினால் அது நோய்க்கு முன்னாலிருந்தே உள்ள பழக்கம். அவருக்குக் கயிறு தேவையில்லை, ஒரு கோப்பைத் தேநீரும் பேச்சுத்துணையும் போதும். தாழ்வான கட்டில், கீழே மெத்தை, இரவு விளக்கு, நேரம் பார்த்துக் கழிவறைக்கு அழைத்துப் போவது என்று செய்து பார்த்த பிறகும் கட்ட வேண்டிய நிலை வந்தால், டாக்டருக்கும் குடும்பத்துக்கும் தெரிந்து, எவ்வளவு நேரம், எதற்காக என்று எழுதிவைத்துத்தான் செய்ய வேண்டும். நீங்கள் வந்து பார்க்கும்போதுதான் உங்களுக்கே தெரிகிறது என்றால் அது தவறு.

தூக்க மாத்திரை கொடுத்து நாள் முழுக்கத் தூங்க வைப்பதும் கட்டிப் போடுவதுதான். கயிறு கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. எப்போது போனாலும் அம்மா தூங்கிக்கொண்டே இருந்தால் மருந்துப் பட்டியலைக் கேளுங்கள்.

மருந்து விஷயத்தில் என்ன கவனிக்க வேண்டும்?

மருந்து ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனிப் பெட்டியில், பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். கொடுத்த உடனே கையெழுத்துப் போட வேண்டும். ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை "இவருக்கும் அதே பிரஷர்தான்" என்று இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இது நடக்கிறது.

நம்மவர்களில் பாதிப் பேர் வீட்டில் சர்க்கரை. அதனால் இதைக் கேளுங்கள்: "என் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை என்றால் இன்சுலின் போடுவீர்களா?" யோசிக்காமல் "டாக்டர் எழுதியபடி போட்டுவிடுவோம்" என்றால் கவலைப்பட வேண்டும். சாப்பாடு இல்லாமல் இன்சுலின் போனால் சர்க்கரை 4 mmol/L-க்குக் கீழே இறங்கலாம். வேர்த்து, நடுங்கி, உளறி, மயங்கிவிடுவார்கள். மறதி நோய் உள்ளவர் உளறினால் வழக்கம்போல உளறுகிறார் என்று விட்டுவிடும் ஆபத்து இருக்கிறது. நேற்று வரை நன்றாகப் பேசிய பெரியவர் இன்று திடீரென்று குழம்பினால் அது வயது இல்லை. சர்க்கரையைப் பார்க்க வேண்டும், காய்ச்சல் பார்க்க வேண்டும், சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும்.

விழுந்துவிட்டால் ஹோம் என்ன செய்ய வேண்டும்?

அன்றே உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, நெற்றியில் வீக்கத்தைப் பார்த்துக் கேட்ட பிறகு இல்லை. எப்போது, எங்கே, யார் பார்த்தது என்று எழுதியிருக்க வேண்டும். தலையில் அடிபட்டு, அவர் வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் இருக்கும் மருந்து சாப்பிடுபவராக இருந்தால், நன்றாகப் பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். தலைக்குள் மெதுவாகக் கசியும் இரத்தம் சில வாரம் கழித்துக்கூடக் காட்டிக்கொடுக்கும்.

சாப்பாடு, பாஷை, சாமி? இதையெல்லாம் கேட்டால் ரொம்ப எதிர்பார்க்கிறோம் என்று நினைப்பார்களோ?

நினைத்தால் நினைக்கட்டும். மறதி முற்றும்போது பிற்பாடு கற்ற மலாயும் ஆங்கிலமும் பலருக்கு முதலில் போய்விடும்; தமிழ்தான் கடைசி வரை நிற்கும். மலாயில் "சாக்கிட்?" (வலிக்கிறதா?) என்று கேட்டால் விழிப்பவர், "எங்கம்மா வலிக்குது?" என்றால் இடுப்பைக் காட்டுவார். தமிழ் தெரிந்தவர் யாருமில்லாத ஹோம் என்றால், வலி, தண்ணீர், சிறுநீர், பசி, குளிர் என்று ஒரு பத்துச் சொல்லைப் படத்தோடு பெரிதாக எழுதிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். உச்சரிப்பை ரோமன் எழுத்தில் போட்டால் ஊழியர்கள் சந்தோஷமாகவே கற்றுக்கொள்வார்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர், வெள்ளிக்கிழமை சைவம், காலையில் திருநீறு வைக்காமல் பசியாறாதவர் என்பதையெல்லாம் சேர்க்கும் அன்றே எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேராது.

பார்க்க வருபவர்கள் பாசத்தில் வாயில் ஊட்டுவது பற்றி ஒரு வார்த்தை. பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கலாம். தைப்பூசத்துப் பஞ்சாமிர்தம்தானே என்று படுத்திருப்பவர் வாயில் வைக்காதீர்கள்; புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் முடியும். மூக்குக் குழாயில் பால் கொடுக்கும்போது தலைமாடு நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், கொடுத்து முடித்த பிறகும் குறைந்தது அரை மணி நேரம் அப்படியே இருக்க வேண்டும். பால் கொடுத்த கையோடு தட்டையாகப் படுக்க வைப்பதைப் பார்த்தால் அங்கேயே சொல்லுங்கள்.

தண்ணீர், கொசு, சொறி?

2024 ஜனவரியில் சுங்கை டுவா சுத்திகரிப்பு ஆலையில் வால்வு மாற்றியபோது பினாங்கில் நாள்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் இருந்தது நினைவிருக்கும். ஹோமில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு பெரியது என்று கேளுங்கள். பூந்தொட்டித் தட்டிலும் ஏர்கோன் கீழே வைத்த வாளியிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். பகலில் கடிக்கும் கொசு அது. சமையல் செய்பவருக்கு டைபாய்டு ஊசியும் உணவு கையாளும் பயிற்சியும் கட்டாயம்.

இரவில் மட்டும் அதிகமாகச் சொறிகிறார், விரலிடுக்கில் பொரிப் பொரியாக இருக்கிறது என்றால் சிரங்கு. ஒருவருக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை. அறையில் உள்ள எல்லாருக்கும், ஊழியருக்கும், வந்து தொட்டு உறவாடிய உங்களுக்கும் ஒரே நேரத்தில் போட வேண்டும்.

மாதக் கட்டணம் சொன்னார்கள். பில் வேறு மாதிரி வருகிறதே?

கட்டணத்தில் எது சேராது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும். பெம்பர்ஸ், பால் மாவு, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும் வண்டி, கூடப் போகும் ஆள் எல்லாம் தனியாக வரும். பெம்பர்ஸை நீங்களே வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் பாக்கெட்டில் பெயர் எழுதுங்கள். ஒரு நாளைக்கு எத்தனை போகிறது என்று கணக்குப் பாருங்கள்: பில்லில் அதிகமாக இருந்தால் பணம் போகிறது, மிகக் குறைவாக இருந்தால் அம்மா ஈரத்தில் கிடக்கிறார்கள். இரண்டாவதுதான் மோசம்.

முன்பணம் எப்போது திரும்பி வரும், ஆள் இறந்துவிட்டால் மீதி மாதத்துக்கு என்ன கணக்கு, ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குக் கட்ட வேண்டுமா, இந்த மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். முன்பணத் தகராறு என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்), வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைக் கேட்பார்கள்.

அப்பாவின் பேங்க் கார்டை ஹோமிலேயே கொடுத்துவிடலாமா?

வேண்டாம். பென்ஷன் கணக்கு, கார்டு, பின் நம்பர் எதையும் கொடுக்க வேண்டாம். இன்னொன்று: நம் நாட்டில் பவர் ஆஃப் அட்டர்னி, எழுதிக் கொடுத்தவர் அறிவு தெளிவாக இருக்கும் வரைதான் செல்லும். மறதி முற்றியபின் அவருடைய சொத்தை நிர்வகிக்க 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டிவரும். தெளிவாக இருக்கும்போதே வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

சிசிடிவி இருக்கிறது, போனிலேயே பார்க்கலாம் என்கிறார்கள்.

நல்லதுதான். ஆனால் உங்கள் அம்மா உடை மாற்றுவதை மற்ற குடும்பங்களும் பார்க்கிறார்களா என்று கேளுங்கள். அத்தோடு, கேமரா வந்த பிறகு நேரில் போவதைக் குறைத்துக்கொண்ட குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புறங்கையால் தொட்டுப் பார்க்கும் வேலையைக் கேமரா செய்யாது.

அடிக்கிறார்களோ என்று சந்தேகம். கேட்டால் அம்மாவைப் பழிவாங்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம்தான் பல பேரின் வாயைக் கட்டிவிடுகிறது. பயத்தில் நியாயமும் இருக்கிறது. அதனால் சத்தம் போடுவதற்கு முன் ஆதாரம் சேருங்கள். காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள். இரண்டு மேல்கைகளிலும் விரல் பதிந்த மாதிரி கன்றல், மணிக்கட்டில் வளையமாகத் தழும்பு, குறிப்பிட்ட ஊழியர் வந்ததும் முகம் மாறுவது, திடீர் எடைக் குறைவு எல்லாவற்றையும் எழுதுங்கள். பெரியவர்களுக்குத் தோல் மெலிந்து லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். ஒரு கன்றலை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. டாக்டரிடம் காட்டி அவர் எழுதிய குறிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபத்து உடனடியாக இருந்தால் அன்றே அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டுப் போலீஸ் ரிப்போர்ட் செய்யுங்கள். ஜேகேஎம்முக்குப் புகார் செய்ய 15999, தாலியான் காசே என்னும் உதவித் தொலைபேசி எண். எந்த நேரமும் எடுப்பார்கள். ஹோமுக்குள் நுழைந்து சோதிக்க ஜேகேஎம் அதிகாரிக்குச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. நர்சிங் ஹோம் என்றால் மாநிலச் சுகாதார இலாகாவுக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாது, மலாய் வராது என்பவர்கள் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தில் போய்க் கேட்கலாம்.

கொடுமை நடப்பது வீட்டில், மகனோ மருமகளோ செய்கிறார்கள் என்றால் 1994-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. முதுமையால் இயலாமல் குடும்பத்தோடு இருப்பவருக்கும் அது பாதுகாப்புக் கொடுக்கும். பெரியவர் புகார் செய்யமாட்டார், பிள்ளையைக் காட்டிக்கொடுக்க மனம் வராது. அக்கம்பக்கத்தார் 15999-க்கு அழைக்கலாம்.

ஹோமே வேண்டாம், வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தால்?

முடிந்தால் நல்லது. சட்டம் 506 மையங்களுக்குத்தான். வீட்டுக்கு வரும் பராமரிப்பாளரைக் கண்காணிப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்று புரிந்துகொண்டு செய்யுங்கள். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணிடம் சமையல், பிள்ளை, துணி, அத்தோடு படுக்கையில் கிடக்கும் மாமனார் என்று எல்லாவற்றையும் சுமத்தினால் முதலில் விட்டுப்போவது இரவில் திருப்பிப் படுக்க வைப்பதுதான். அவளும் தூங்க வேண்டுமே. படுக்கையாக இருப்பவருக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கின் வீட்டுப் பராமரிப்புக் குழு வந்து பார்க்கும் ஏற்பாடு உண்டு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே வார்டில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

என் தம்பிக்கு முப்பது வயது, மூளை வளர்ச்சிக் குறைவு. அம்மாவுக்குப் பிறகு அவன் எங்கே போவான்?

முதலில் ஓகேயு அட்டை, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை எடுத்திருக்கிறீர்களா? அதுதான் எல்லா உதவிக்கும் கதவு. பகலில் போய்வர பிடிகே என்னும் சமூகப் புனர்வாழ்வு மையங்கள் ஜேகேஎம் ஆதரவில் நடக்கின்றன. தங்கும் இடங்களுக்கு மேலே சொன்ன அதே சட்டம், அதே கேள்விகள். ஒன்றை மட்டும் கூடுதலாகக் கேளுங்கள்: நாள் முழுக்க அவர் என்ன செய்வார்? முதியோர் நடுவே ஒரு இளைஞரை டிவி முன்னால் உட்காரவைத்திருப்பது பராமரிப்பு ஆகாது. அம்மா இருக்கும்போதே மாதத்தில் ஒரு வார இறுதி அங்கே தங்கிப் பழகட்டும்.

கையில் காசில்லை. என்ன வழி?

வருமானம் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஜேகேஎம்மின் முதியோர் உதவித்தொகை 2025 முதல் மாதம் 600 வெள்ளி. படுக்கையாகக் கிடக்கும் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்குத் தனி உதவி உண்டு. யாருமற்ற, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய, தொற்றுநோய் இல்லாத முதியவருக்கு அரசாங்கத்தின் ரூமா செரி கெனாங்கான் இல்லங்கள் இருக்கின்றன. ஆதரவில்லாமல் தீராத நோயில் கிடப்பவருக்குக் கோலகுபு பாருவிலும் டுங்குனிலும் ரூமா எஹ்சான். பிள்ளைகள் இருந்தும் கவனிக்கவில்லை என்ற நிலையில் விசாரணை நடக்கும், நேரம் எடுக்கும். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே அங்குள்ள சமூகநல அதிகாரியைப் பாருங்கள். வெளியே வந்து அலைவதைவிட அது சீக்கிரம் நகரும்.

வேறு ஹோமுக்கு மாற்றப் போகிறோம். எதை வாங்கிக்கொண்டு வர வேண்டும்?

அடையாள அட்டை, ஓகேயு அட்டை, கிளினிக் புத்தகம், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதி, இப்போது கொடுக்கும் மருந்தின் பட்டியல், மீதி மருந்து. கடைசியாகச் சிறுநீர்க் குழாயும் மூக்குக் குழாயும் மாற்றிய தேதி. இதை மறந்தால் புது இடத்தில் யாருக்கும் தெரியாது. கிளம்பும் முன் திரை போட்டு, தலை முதல் குதிகால் வரை உடம்பைப் பார்த்து, புண் இருந்தால் பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். புது ஹோமில் இறக்கியதும் அங்குள்ளவரோடு சேர்ந்து அதேபோல் இன்னொரு தடவை பார்த்து, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் பையில் போடாமல் போட்டுவிட்டே கூட்டி வாருங்கள்.